ஓஸ் காசு

இருபத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. நெட்டைக்கு அவனுடைய மச்சான் தரவேண்டிய பாக்கி அது. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடகுக் கடையில் நெட்டையின் பெண்டாட்டி சங்கிலியும் கம்மலும் சிறைப்பட்டுக் கிடந்ததும் வட்டியோடு சேர்த்து அதே தொகைக்குத்தான். அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பக்கம் மீட்கலாம். வராவிட்டால் மாதக் கடைசியில் கடைக்காரன் இரண்டையும் ஏலத்தில் விட்டுவிடுவான். அதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வாய் ஓய்ந்துபோயிற்று. கம்மல் இருந்த ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தாள்.

மச்சான் என்றால் வேறு யாரும் இல்லை, அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்தான். கல்யாணத்துக்கு முன்னாலேயே நெட்டையும் அவனும் ஒன்றாகக் கேபிள் வேலைக்குப் போனவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் பெண்ணையே கொடுத்தான். வேலை செய்யும் இடத்தில் இருவருக்கும் "வாடா போடா"தான். வீட்டு வாசலை மிதித்துவிட்டால் மட்டும் மரியாதை வந்து ஒட்டிக்கொள்ளும். "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்பான் மச்சான். உள்ளே அவன் தங்கை சிரிப்பாள். "காலையில வேற மாதிரி கூப்பிட்டியாமே அண்ணே" என்பாள்.

கேபிள் வேலை என்றால் வீட்டுக்கு லைட் மாட்டுகிற வேலை இல்லை. பெரிய கட்டடங்களில் மின்சாரம் வந்து இறங்குகிற அறையில், மனிதன் முழங்கை தடிமன் இருக்கிற கேபிள்களைத் தோல் உரித்து, செம்புக் கம்பியின் முனையில் லக் என்கிற செம்புக் குப்பியை மாட்டி, அதை நசுக்கி இறுக்கி, பேனலில் முடுக்க வேண்டும். கையால் நசுக்க முடியாது. அதற்கு ஒரு மெஷின். இரும்புப் பெட்டிக்குள் மோட்டாரும் எண்ணெய் பம்பும் இருக்கும். பெட்டியிலிருந்து ஓஸ் என்கிற கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று கிளம்பும். ஓஸின் நுனியில் வாய். வாய்க்குள் அச்சை வைத்து, லக்கைக் கொடுத்து, பட்டனை அமுக்கினால் எண்ணெய் ஓஸ் வழியாக ஓடிவந்து வாயை மூடும். குப்பியும் கம்பியும் ஒரே கட்டியாகிவிடும். அதற்கு இவர்கள் வைத்த பெயர் முதலை.

முன்பெல்லாம் முதலையை வாடகைக்கு எடுத்தார்கள். கூலியில் பாதியை வாடகை தின்றது. "சொந்தமா ஒண்ணு இருந்தா நாம ராஜா டா" என்று மச்சான்தான் ஆரம்பித்தான். தன் கையிருப்பைப் போட்டான், போதவில்லை. தங்கை கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். பழைய முதலை ஒன்று வந்து சேர்ந்தது. மெஷின் மச்சானுடையது, கடன் மச்சானுடையது, நகை தங்கையுடையது, பயம் நெட்டையுடையது. ராஜா யார் என்றுதான் கடைசிவரை தெரியவில்லை.

முதலையின் வாயைக் கண்டால் இருவருக்கும் பயம் உண்டு. அதில் குறை சொல்ல முடியாது. அச்சு மாற்றும்போது மச்சான் பிளக்கைப் பிடுங்கி, வயரைத் துண்டு மாதிரித் தன் தோளில் போட்டுக்கொண்டுதான் வாய்க்குள் கையை விடுவான். பிளக் தன் மேல் கிடந்தால் வேறு எவனும் மாட்டிவிட முடியாது என்பது அவன் கணக்கு. வாயைப் பூட்டுகிற ஊசி முழுசாக இறங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பான். சாயங்காலமானால் செம்புத் தூளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் பெட்டியில் வைப்பான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் அப்படி மூக்குச் சிந்திவிட்டதில்லை.

ஆனால் வாயில் மட்டும்தான் பல் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஓஸை யாரும் கண்டுகொள்ளவில்லை. பெட்டியின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. ஒரு கை, அதைப் பார்த்து வருகிற ஒரு கோடு, கோட்டின் நுனியில் துளிகள், குறுக்கே சிவப்பாக ஒரு அடிப்பு. எழுத்தெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. "என்னடா படம் இது?" என்று மச்சான் கேட்டான். "எண்ணெயில கை கழுவக் கூடாதாம். கழுவினா எண்ணெய் காலியாயிரும்ல" என்றான் நெட்டை. இருவரும் சிரித்தார்கள். பிறகு அதன் மேல் அழுக்கு ஏறியது.

ஓஸ் வேர்க்க ஆரம்பித்தது. வேலை முடித்து முதலையைத் தூக்கினால் தரையில் உள்ளங்கை அளவு ஈரம். ஓஸ் கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். ஓஸை வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தார். மேல் ரப்பர் வெடித்து, உள்ளே இருந்த இரும்பு வலை பல்லைக் காட்டியது.

"இது செடிக்குத் தண்ணி ஊத்துற ஓஸ் இல்லப்பா. உள்ள ஓடுற அழுத்தத்துல சுவரையே துளைக்கும். மாத்திரு. நாலாயிரம் ஆகும்."

"டேப் சுத்தினா கொஞ்ச நாள் தாங்காதா?" என்றான் நெட்டை.

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுறியே" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் ஒரு வேலை முடிந்து மச்சான் பங்குக்குச் சரியாக நாலாயிரம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்தான். உட்காரவே இல்லை.

"மாப்பிள்ளை, இந்தத் தடவை மட்டும் பொறுத்துக்குங்க. இதுல ஓஸை மாத்திருவோம்."

"போன தடவை மோட்டார்ல கரி மாத்தணும்னீங்க. அதுக்கு முந்தின தடவை அச்சு தேஞ்சுபோச்சுன்னீங்க. முதலைக்குத் தீனி போட்டே இவ கழுத்து மொட்டையாயிருச்சு."

"அது இருந்தாத்தானே நமக்குச் சோறு."

"மாசக் கடைசிக்கு நகை போயிட்டா அந்தச் சோறு உள்ள இறங்குமா?"

மச்சான் தங்கையைப் பார்த்தான். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள். "ஓஸ் கடை எங்கயும் ஓடிப்போயிராது அண்ணே. அடகுக் கடைக்காரன்தான் ஓடிருவான்."

கடன் வாங்கியவன் எவ்வளவு நேரம் நிற்பான்? மச்சான் பணத்தை நெட்டையின் கையில் வைத்தான். அது அன்றைக்கே அடகுக் கடைக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் பாக்கி பத்தொன்பதாயிரத்து எழுநூற்று ஐம்பது ஆயிற்று. மறுநாள் காலையில் ஓஸில் டேப் சுற்றினார்கள். கறுப்பு மேல் கறுப்பு. பார்வைக்குப் புதிது மாதிரியே இருந்தது.

அடுத்து கிடைத்தது பெரிய வேலை. ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பேனல் அறை. ஜன்னல் கிடையாது. சிமெண்ட் வாசமும் பெயின்ட் வாசமும் தொண்டையில் நிற்கும். கதவு நிலை குட்டை. நெட்டை போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை இடித்துக்கொண்டான். அன்று சாயங்காலம் கரன்ட் கொடுத்தாக வேண்டும் என்று சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றார். கரன்ட் கொடுத்தால் அன்றைக்கே பில் காசு கைக்கு வரும். பில் வந்தால் மச்சான் பாக்கியை மொத்தமாகத் தீர்த்துவிடலாம். மாதக் கடைசிக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. நெட்டைக்கு மனசுக்குள் சங்கிலி ஏற்கெனவே மீட்டாகிவிட்டது. எந்தப் பஸ்ஸில் போய் வாங்கலாம் என்பதுவரை நினைத்து வைத்திருந்தான்.

முதல் வரிசை லக்குகள் ஒழுங்காக விழுந்தன. நெட்டை முதலையின் வாயைப் பிடித்துக்கொள்ள, மச்சான் பட்டனை அமுக்கினான். இரண்டாவது வரிசையில் முதலை மூச்சு வாங்க ஆரம்பித்தது. மோட்டார் கத்தியது, வாய் பாதியிலேயே நின்றது. எண்ணெய் வாடை வந்தது.

"எங்கயோ போகுதுடா" என்றான் மச்சான்.

"நீ அமுக்கிப் பிடி. எங்கன்னு நான் பார்க்கிறேன்."

கையுறையோடு தடவினால் ஈரம் தெரியாது. நெட்டை இடது கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினான். மோட்டார் கத்திக்கொண்டிருக்க, வாய்ப் பக்கமிருந்து பெட்டிப் பக்கமாக ஓஸின் அடியில் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே போனான். டேப் முடிகிற இடத்தில் சுருக்கென்றது. கையை இழுத்துக்கொண்டான்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வலைக் கம்பி குத்திருச்சு."

விரலைப் பார்த்தான். நுனியில் பென்சிலால் வைத்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை. எறும்பு கடித்தால்கூட இதைவிட வலிக்கும். சட்டையில் துடைத்துக்கொண்டான். இடம் தெரிந்துவிட்ட சந்தோஷம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அந்த இடத்தில் சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு முறுக்கினார்கள். முதலை மறுபடி கடிக்க ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போயிற்று. வெளுத்து, ஐஸைத் தொட்ட மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குள் உப்பிவிட்டது. மோதிரம் போடுகிற ஆளாக இருந்தால் அப்போதே வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். தெரு முனையில் ஒரு கிளினிக் இருந்தது. டாக்டர் வெளியே போயிருந்தார். கம்பவுண்டர் புள்ளியைப் பார்த்துவிட்டு, "இதுக்கா வந்தீங்க?" என்று ஒரு ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, காசை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது மச்சான் வெளியே நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். பில் வந்ததும் முதல் வேலையாக ஓஸ் மாற்றிவிடலாம் என்று கடைக்காரரிடம் விலை பேசினான். பேச்சுவாக்கில், ஓட்டையைத் தேடும்போது மாப்பிள்ளை கையில் கம்பி குத்தியதையும் சொன்னான். அந்தப் பக்கம் கடைக்காரர் போட்ட சத்தம் கதவு நிலையைத் தாண்டிக்கொண்டிருந்த நெட்டைக்கே கேட்டது.

மச்சான் உள்ளே ஓடி வந்தான்.

"டேய், அது கம்பி இல்லையாம். எண்ணெயாம். ஊசி போட்ட மாதிரி தோலுக்குள்ள இறங்கியிருக்கும்ங்கிறார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலன்னா கை போயிருமாம். இப்படித்தான் ஒருத்தனுக்கு…"

"சும்மா இருடா. ஓஸ் விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான்."

"வாடா போகலாம்."

"எத்தனை லக் பாக்கி?"

"எத்தனையா இருந்தா என்ன?"

"மூணுதான். முடிச்சுட்டுப் போகலாம்."

மச்சான் பிளக்கைப் பிடுங்கினான். வயரைத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் நின்றான். நெட்டை அந்தத் தோளைப் பார்த்தான்.

"இன்னிக்குக் கரன்ட் போகலன்னா பில் அடுத்த மாசம். அப்ப நகை எங்க இருக்கும்? சொல்லு. பாக்கியை எடுத்து இப்ப கையில வை, நான் ஆஸ்பத்திரிக்கு வரேன்."

கடன் கொடுத்தவன் அப்படிக் கேட்டால் கடன்காரன் என்ன சொல்வான்? சூப்பர்வைசர் கதவோரத்திலிருந்து எட்டிப் பார்த்து, "மூணே மூணு தானேப்பா, முடிச்சுட்டுப் போயிருங்க, வண்டிக்கு நானே சொல்றேன்" என்றார். நெட்டை மச்சானின் தோளிலிருந்து வயரை எடுத்துத் தானே பிளக்கை மாட்டினான். இடது கையால் பிடிக்க முடியவில்லை. முதலையின் வாயை அக்குளில் இடுக்கிக்கொண்டான். மச்சான் பட்டனை அமுக்கினான். அமுக்கும்போதெல்லாம் அவன் கண் ஓஸின் மேலேயே இருந்தது.

மூன்றாவது லக் முடிந்தபோது நெட்டைக்கு வலி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வந்திருந்தது. அது குத்துகிற வலியும் இல்லை, எரிகிற வலியும் இல்லை. உள்ளே யாரோ உட்கார்ந்து அறுப்பது போல இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கை பார்க்கிற டாக்டரம்மா புள்ளியைப் பார்த்தார். இவர் சிரிக்கவில்லை.

"எப்ப ஆச்சு?"

"காலையில."

"இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

மச்சான்தான் முந்திக்கொண்டு, "வேலையில இருந்தோம்மா" என்றான். தப்பு செய்துவிட்டு ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கிறவன் குரலில்.

உள்ளே போன எண்ணெய் விரலோடு நிற்கவில்லை என்றார் அவர். தசைநாரின் உறை வழியாக உள்ளங்கைக்கு இறங்கிவிட்டது. போன இடமெல்லாம் சதையைச் சாகடித்துக்கொண்டே போகும். திறந்து கழுவ வேண்டும். காலையிலேயே வந்திருந்தால் விரலைப் பற்றி நம்பிக்கையாகச் சொல்லியிருப்பேன், இப்போது கையைக் காப்பாற்றுவதைப் பற்றித்தான் பேச முடியும் என்றார்.

திறந்தார்கள், கழுவினார்கள். மறுபடி திறந்தார்கள், மறுபடி கழுவினார்கள். அதற்குப் பிறகு ஆள்காட்டி விரலை அடியோடு எடுத்தார்கள். பக்கத்து விரல் மிஞ்சியது, ஆனால் மடங்கவில்லை. குறடு பிடித்த கை, கேபிளை வளைத்த கை, இப்போது தம்ளரைப் பிடித்தால் தம்ளர் நழுவியது.

அன்றைய பில் வந்தது. வெளியே வாங்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்துக்கே அது போயிற்று. மச்சான் பங்கும் அதில் போயிற்று. அடகுக் கடைக்காரனிடம் தங்கை நேரில் போய் நின்றாள். அழுதாளா, சண்டை போட்டாளா என்று யாருக்கும் சொல்லவில்லை. அதே தொகைக்கு இன்னும் ஒரு மாதம் தவணை வாங்கிக்கொண்டு வந்தாள்.

நெட்டை வீட்டுக்கு வந்த பிறகு மச்சான் கொஞ்ச நாள் தலைகாட்டவில்லை. ஒருநாள் மத்தியானம் வந்தான். செருப்பை ஒழுங்காக ஓரமாகக் கழற்றி விட்டான். "எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை?" என்றான். தங்கை அப்போது வீட்டில் இல்லை, தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். யாரும் இல்லாத இடத்திலும் அவன் வாயில் "நீங்க" வந்தது நெட்டைக்கு விரல் போனதைவிடச் சுருக்கென்றது.

"என்னடா புதுசா மரியாதை?"

மச்சான் சிரிக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தான். "எண்ணிக்குங்க. பத்தொன்பதாயிரத்து எழுநூத்தி அம்பது."

"ஏது?"

"முதலையை வித்துட்டேன்."

அந்த நேரம் பார்த்துத் தங்கை குடத்தோடு உள்ளே வந்தாள். குடத்தை இறக்கிவிட்டு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பணத்தை எடுத்துத் தானே எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின. அவ்வளவு நாளும் அவை உயர்ந்தே இருந்தன என்பது நெட்டைக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யார் வாங்கினா?" என்று கேட்டான்.

"சுருட்டை. நம்மகூட முன்னாடி கேபிள் இழுத்தானே, அவன்தான். தனியா வேலை எடுத்துட்டான்."

"ஓஸ் மாத்திக் கொடுத்தியா?"

மச்சான் தரையைப் பார்த்தான். "சொன்னேன். ஓஸுக்குன்னு விலையில குறைச்சுட்டு அப்படியே எடுத்துக்கிட்டான். பில் வந்ததும் மாத்திக்கிறேன்னான்."

சுருட்டை சொன்ன வார்த்தை அந்த வீட்டுக்குப் புதிதல்ல.

நெட்டை எழுந்து சட்டையை மாட்டினான். பட்டன் போட வரவில்லை, அப்படியே விட்டான். பெண்டாட்டி கையிலிருந்த பணக்கட்டை வாங்கி, அதிலிருந்து நாலாயிரத்தைப் பிரித்து எடுத்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள்.

"ஓஸ் வாங்கப் போறேன்."

"அந்த மெஷின் இப்ப நம்மளுதா? அவன் வாங்கினான், அவன் மாத்திக்கட்டும். உங்களுக்கு என்ன பைத்தியமா? இந்த நாலாயிரம் இல்லன்னா ரெண்டையும் மீட்க முடியாது."

"இந்த நாலாயிரம் ஓஸ் காசு. அன்னைக்கு நாமதான் கேட்டு வாங்கினோம்."

"நாமன்னு என்னையும் சேர்க்காதீங்க" என்றாள் வெடுக்கென்று. சொல்லிவிட்டு, அன்று குழம்பைக் கிளறிக்கொண்டே தான் சொன்னது ஞாபகம் வந்தவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டே, "சங்கிலியையாவது மீட்டுட்டு வாங்க" என்றாள்.

மச்சானையும் கூட்டிக்கொண்டு போய்ப் புது ஓஸை வாங்கினான் நெட்டை. சுருட்டை வேலை செய்துகொண்டிருந்தது ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். அவனும் அவன் தம்பியும். முதலை நடுவில் கிடந்தது. சைக்கிள் டியூப் இன்னும் அதன் மேல் இருந்தது. தம்பிக்காரன் ஓஸைத் தொடையில் போட்டுக்கொண்டு, வாயைப் பிடித்திருந்தான். தொடைமேல் டேப் சுற்றிய அந்த இடம் கிடப்பதைப் பார்த்ததும் நெட்டைக்கு இல்லாத விரல் துடித்தது.

"நிறுத்து! பட்டனை விடுடா!" என்று அவன் போட்ட கத்தலில் சுருட்டை பட்டனை விட்டுவிட்டான்.

"என்ன அண்ணே, வித்த மாட்டுக்குப் பின்னாலயே வந்துட்டீங்க?" என்றான் சுருட்டை. "பால் கறக்கவா?"

நெட்டை தன் இடது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். சுருட்டையின் சிரிப்பு பாதியில் நின்றது. ஊருக்குள் கேள்விப்பட்டிருந்தான், பார்த்ததில்லை.

மச்சான் போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். பழக்கத்தில் வயர் அவன் தோளுக்குப் போயிற்று. பெட்டியிலிருந்த வால்வுத் திருகை மெதுவாகத் திறந்து ஓஸுக்குள் இருந்த அழுத்தத்தை இறக்கினான். வாய் முழுசாகத் திறந்த பிறகு இன்னும் கொஞ்சம் பொறுத்தான். பிறகுதான் ஸ்பேனரை வைத்தான். நெட்டை வலது கையால் புது ஓஸின் நுனியில் தூசி ஏறாமல் மூடியைக் கடைசி நிமிஷம்வரை பிடித்துக்கொண்டான். பூட்டி, எண்ணெய் அளவு பார்த்து, குறைந்ததை ஊற்றினார்கள். இத்தனை நாள் தள்ளிப்போட்ட இந்த வேலைக்கு ஆனதெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

"ஒழுகுதான்னு எப்படிப் பார்க்கிறது?" என்றான் தம்பிக்காரன். கை தானாகவே ஓஸ் பக்கம் போயிற்று.

நெட்டை அந்தக் கையைத் தட்டிவிட்டான். பலமாகவே தட்டினான். லக் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒரு நீளத் துண்டை எடுத்து அவனிடம் கொடுத்தான். "இதை ஓட்டிப் பாரு. கண்ணாடி போட்டுக்க. தள்ளி நில்லு. அட்டையில ஓட்டை விழுந்தா பிளக்கைப் பிடுங்கு. விரலை வச்சுப் பார்க்கிறதுக்கு எனக்கு முந்தியே ஒருத்தன் இருந்திருக்கான். எனக்கு அப்புறம் வேண்டாம்."

தம்பிக்காரன் அட்டையை ஓட்டினான். அட்டை காய்ந்தே இருந்தது. முதலை லக்கைக் கடித்து விட்டது.

மச்சான் பழைய ஓஸைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். சுருட்டைக்கு அப்போதுதான் வியாபார புத்தி திரும்பியது. "அண்ணே, அது என் மெஷினோட வந்தது. பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டா நாலு காசு வரும்."

"அவன்கிட்டப் போட்டா அவன் இன்னொருத்தனுக்குப் போடுவான்" என்றான் மச்சான். கட்டைமேல் ஓஸை வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு ரம்பத்தால் அறுத்தான். இரும்பு வலை கிறீச்சிட்டது. ஒரு துண்டு, இரண்டு துண்டு, எதற்கும் ஆகாது என்கிற அளவுக்கு. சுருட்டை, "உங்க குடும்பத்துக்கே ஓஸ் கிறுக்கு பிடிச்சிருச்சு" என்று முனகினான். ஆனால் கடைசித் துண்டை அவனே பிடித்துக் கொடுத்தான்.

அடகுக் கடைக்காரன் மிச்சப் பணத்தைப் பார்த்துவிட்டுச் சங்கிலியை எடுத்து வெளியே வைத்தான். கம்மல் இருந்த பொட்டலத்தை விரலால் தொட்டுக்கொண்டு, "இது?" என்றான்.

"விட்டுருங்க" என்றான் நெட்டை.

கடைக்காரன் அதை மறுபடி பெட்டிக்குள் போட்டான். அழுகிற பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது போலத்தான் இருந்தது நெட்டைக்கு. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. இருவரும் நடந்தார்கள். சங்கிலி நெட்டையின் சட்டைப் பைக்குள் கிடந்தது. பையை வலது கையால் பொத்திக்கொண்டான்.

"கம்மல் காசு நான் தரணும் மாப்பிள்ளை" என்றான் மச்சான். "அந்த நாலாயிரத்தை என் கணக்குலயே வச்சுக்குங்க. எங்கயாவது கூலிக்குப் போய்க் கொடுத்துருவேன்."

"உன் கணக்கு முடிஞ்சுபோச்சு."

"எப்படி முடியும்?"

"பணமா வர வேண்டியது வந்துருச்சு. வராததை நான் விட்டுட்டேன். இனிமே நீ எனக்கு ஒத்தைக் காசு தர வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். பட்டனை அமுக்கச் சொன்னது நான்தான், நீ இல்ல. போ."

மச்சான் நின்றுவிட்டான். கொஞ்ச தூரம் போன பிறகுதான் நெட்டைக்குத் தான் தனியாக நடப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். மச்சான் நடுத்தெருவில், கையில் எதுவும் இல்லாமல், அடுத்து எங்கே போவது என்று தெரியாதவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். கடன் இருந்தவரை அவனுக்கு ஒரு போக்கிடம் இருந்தது. மாதம் பிறந்தால் அந்த வீட்டுப் படியேறித்தான் ஆக வேண்டும்.

நெட்டை அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் "வரேங்க" என்றுதான் பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும். சங்கிலியைப் பொத்தியபடி வீட்டைப் பார்த்து நடந்தான்.